மின்னெழுச்சியும் அதற்குரிய காப்பும்

நமது சங்கங்களில் இக்காலத்தில் மின்னணுக் கருவிகள் பெருகிவிட்டன. தறியின் மேல் ஏறியிருக்கும் மின்னணு ஜக்கார்டு, பம்புசெட்டைத் தூரத்திலிருந்தே இயக்கும் கைப்பேசி ஸ்டார்ட்டர், அலுவலகக் கணிப்பொறி, எடைத் தராசு ஆகிய யாவும் மின்சாரத்தை நம்பியவை. பழைய இரும்புச் சாதனங்கள் பொறுத்துக்கொண்ட அதிர்ச்சியை இவை பொறுப்பதில்லை. கட்டுப்பாட்டுப் பலகை பழுதுற்றால் தறி நிற்கும். தறி நின்றால் நெசவாளர் கூலியும் நிற்கும். ஆதலின் காப்புச் சாதனங்களைத் தேர்ந்தெடுக்கும் முறையை அங்கத்தினர் அறிந்திருத்தல் அவசியம்.

மின்னெழுச்சி என்பது யாது? நமக்கு வரும் 230 வோல்ட் மின்சாரம் அலையின் உச்சியில் ஏறக்குறைய 325 வோல்ட்டைத் தொடும். அருகில் இடி விழும்போதும், பெரிய மோட்டார்களை நிறுத்தும்போதும் இவ்வழுத்தம் பல நூறு, சில வேளை பல ஆயிரம் வோல்ட்டாக உயர்ந்து, விநாடியின் லட்சத்தில் சில பங்கு நேரத்தில் தணியும். சாதாரண ஸ்டெபிலைசர் இதைத் தடுக்காது. அதன் ரிலே அசையுமுன் எழுச்சி கடந்துவிடும்.

இதற்கென அமைந்த உறுப்புகள் மூன்று. முதலாவது வேரிஸ்டர் என்னும் துத்தநாக ஆக்ஸைடு வில்லை. அழுத்தம் மிகும்போது மட்டும் இது மின்சாரத்திற்கு வழிவிடும். ஏரி நிரம்பியதும் கலிங்கு வழியே மிகைநீர் வெளியேறுவதை ஒக்கும். இரண்டாவது வாயுக் குழாய். இது பெரும் மின்னோட்டத்தைத் தாங்கும். ஆனால் ஒருமுறை பற்றிக்கொண்டால் லைனின் மின்சாரமே அதன் வழியாகத் தொடர்ந்து ஓடக்கூடும். ஆகவே பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே இதைத் தனித்து வைத்தல் ஆகாது. வேரிஸ்டரோடு தொடராகவோ, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவிலோ வைப்பர். மூன்றாவது காப்பு டையோடு. இது மிக விரைவானது, துல்லியமானது. எனினும் தாங்கும் ஆற்றல் குறைவு. எனவே முன்னிரண்டிற்கும் பின்னால், பலகையின் உள்ளே இதற்கு இடம்.

வேரிஸ்டரை வாங்குகையில் முதலில் அதன் வேலை அழுத்தத்தைக் கவனிக்க வேண்டும். 275 வோல்ட் வில்லையின் மேல் 431 என்றும், 320 வோல்ட் வில்லையின் மேல் 511 என்றும் எண் இருக்கும். முன்னதன் பொருள் 430 வோல்ட்டில் அது வழிவிடத் தொடங்கும் என்பது; பின்னதன் பொருள் 510 வோல்ட். இரவில் அழுத்தம் உயரும் கிராமத்து லைன்களுக்கு 320 வோல்ட் வில்லையே நீடித்து உழைக்கும். ஆனால் 14 மில்லிமீட்டர் வில்லைகளில் 275 வோல்ட் ரகம் எழுச்சியை 710 வோல்ட் அளவில் நிறுத்தினால், 320 வோல்ட் ரகம் 845 வோல்ட் வரை விடும். ஆயுள் கூடினால் காப்புக் குறையும் என்பதை மறவாதிருப்போமாக. நியூட்ரல் அறுந்து 400 வோல்ட் வரை ஏறினால் இவ்விரண்டும் சூடேறிக் கருகும். அதற்கு மிகையழுத்தம் கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் ரிலே தனியாக வேண்டும்.

அடுத்தது வில்லையின் அளவு. ஒரே ஒரு எழுச்சியில் 7 மில்லிமீட்டர் வில்லை சுமார் 1,200 ஆம்பியரையும், 14 மில்லிமீட்டர் வில்லை 4,500 ஆம்பியரையும், 20 மில்லிமீட்டர் வில்லை 6,500 ஆம்பியரையும் தாங்கும். அடிக்கடி எழுச்சி வரும் இடங்களில் இத்தாங்குதிறன் வெகுவாகக் குறையும். ஆகவே 14 அல்லது 20 மில்லிமீட்டர் அளவே நமக்கு ஏற்றது.

ஒவ்வோர் எழுச்சியிலும் வில்லை சிறிது தேய்கிறது. தேய்ந்த வில்லை சூடேறித் தீப்பற்றவும் கூடும். நூலும் பஞ்சும் நிறைந்த இடத்தில் இஃது பேரிடர். எனவே முன்னால் பியூஸ் இருத்தல் வேண்டும். வெப்பத்தால் தானே துண்டித்துக்கொள்ளும் வில்லையாயின் மேலும் சிறப்பு. காப்பு நிலையைக் காட்டும் விளக்கு அணைந்தால் தாமதமின்றி மாற்றுக.

சாதனம் உயர்ந்ததாயினும் கம்பி நீண்டால் பயனில்லை. மைக்ரோவிநாடிக்கு 1,000 ஆம்பியர் வீதம் ஏறும் எழுச்சியில் ஒரு மீட்டர் கம்பி மட்டுமே ஏறக்குறைய 1,000 வோல்ட்டைச் சேர்த்துவிடும். ஆதலின் காப்புச் சாதனத்தின் இணைப்புக் கம்பிகள் மொத்தம் அரை மீட்டருக்கு மேற்படலாகாது. எர்த்து இணைப்பும் பழுதற்றிருக்க வேண்டும்.

கட்டிடத்தின் மெயின் போர்டில் இரண்டாம் வகைக் காப்பும், கருவியின் அருகில் மூன்றாம் வகைக் காப்புமாக இரு படிகளில் அமைப்பது நன்று. இடிதாங்கி உள்ள கட்டிடமாயின் நுழைவிடத்தில் முதல் வகையும் தேவை. சித்திரை, வைகாசிக் கோடை மழைக்கு முன்னும், ஐப்பசி அடைமழைக்கு முன்னும் இவற்றைச் சோதித்தல் வேண்டும். இடி முழங்கத் தொடங்குமுன் பிளக்கைக் கழற்றிவிடும் பழக்கத்தையும் கைவிடலாகாது.

ஒரு வில்லையின் விலை சொற்பம். ஒரு பலகையின் விலையோ பெரிது. அங்கத்தினர் தனித்தனியே கண்டதை வாங்காமல், சங்கத்தின் மூலம் தரம் பார்த்து மொத்தமாக வாங்கி, தேர்ந்த மின்பணியாளரைக் கொண்டு பொருத்துவதே கூட்டுறவுக்கு உகந்த வழியாகும்.