பதறாத காரியம் சிதறாது

குடியை விட்டவரின் இல்லத்தில் முதல் சில வாரங்கள் திருவிழாப் போலவே தோன்றும். அடகிலிருக்கும் வளையலை மீட்பது பற்றியும், ஊரில் பாதியில் நிற்கும் வீட்டைக் கட்டி முடிப்பது பற்றியும் பேச்சு எழும். பிழைப்பை நாடி மொழி வேறான நகரங்களுக்கு வந்துள்ள நம் குடும்பங்களில் இப்பேச்சுக்கு வேகம் மிகுதி. இழந்த ஆண்டுகளை ஓராண்டில் ஈட்டிவிடத் துடிக்கிறோம். அத்துடிப்பு நல்ல நெஞ்சில் பிறப்பதுதான். எனினும், மீண்டவரை மீண்டும் வீழ்த்துவதும் பல வேளைகளில் அதுவே அன்றோ?

நாம் அறிந்த அன்பர் ஒருவர் மும்பையில் லேத் பட்டறைத் தொழிலாளி. மருத்துவமனையிலிருந்து திரும்பிய மறுவாரமே பகல், இரவு என இரண்டு ஷிப்டு வேலையை ஏற்றார். உறக்கம் நான்கு மணி நேரம், உணவோ கிடைத்தபோது. நான்கு மாதங்களில் கடன் முழுவதும் தீர்ந்தது. தீர்ந்த அன்றிரவே அவர் குடித்துவிட்டு வந்தார்! உடலும் உள்ளமும் ஓய்ந்திருந்த வேளையில் பழைய வழி ஒன்றே அவருக்கு எளிதாகத் தெரிந்தது.

மருத்துவர் கூறும் காரணம் தெளிவானது. பல்லாண்டுகள் நாள்தோறும் குடித்தவரின் மூளை, மதுவின் மயக்கத்திற்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது. மது திடீரென நின்றதும் நடுக்கம், வியர்வை, உறக்கமின்மை தோன்றுகின்றன. சிலருக்கு முதல் சில நாட்களில் வலிப்பும் சித்தப் பிரமையும் ஏற்பட்டு உயிருக்கே ஊறு நேரலாம். ஆதலின் இத்தகையோரை அறையில் அடைத்து வைத்து நிறுத்த முயலலாகாது. மருத்துவரின் கண்காணிப்பிலேயே நிறுத்துதல் வேண்டும். நடுக்கம் சில நாட்களில் அடங்கிவிடும். உறக்கமும் மனநிலையும் சீர்படவோ மாதக்கணக்கில் ஆகலாம். வெளியே நலமுற்றவராகத் தோன்றினும் உள்ளே புண் ஆறிக்கொண்டே இருக்கிறது.

1935-ஆம் ஆண்டு அமெரிக்காவில் நிகழ்ந்ததொன்று இங்கு நினைக்கத்தக்கது. குடியை விட்டு ஐந்தே மாதமான பில் வில்சன் என்னும் பங்குத் தரகர், வணிக முயற்சி தோற்று, ஆக்ரன் நகரில் தனித்து நின்றார். தங்கியிருந்த விடுதியின் மதுக்கூடம் அவரை அழைத்தது. அவர் அதனுள் செல்லாமல், தம்மைப் போன்ற மற்றொருவரைத் தேடினார். அவ்வாறு கிடைத்தவரே மருத்துவர் பாப் ஸ்மித். அம்மருத்துவரும் இடையில் ஒருமுறை தவறியே பின்னர் நிலைபெற்றார். இவ்விருவரின் நட்பில் பிறந்ததே 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்னும் தோழமை. இன்று நம் நாட்டு நகரங்கள் பலவற்றிலும் அது கட்டணமின்றிக் கூடுகிறது. வாழ்நாள் முழுமைக்கும் சூளுரைக்குமாறு அங்கு யாரும் கேட்பதில்லை. 'இன்று ஒரு நாள்' என்பதே அவர்களது அளவு. குடும்பத்தாருக்கென 1951-இல் தோன்றிய 'அல்-அனான்' குழுக்களும் உள்ளன.

பசி, சினம், தனிமை, அயர்வு ஆகிய நான்கையும் அண்டவிடலாகாது என்பது மீண்டவர்கள் தமக்குள் சொல்லிக்கொள்ளும் எச்சரிக்கை. வெளியூர் வாழ்வில் இந்நான்கும் நம்மை எளிதில் சூழ்வன. ஆகவே, வேளைக்கு உணவும், உறங்க ஒரு மூலையும், மாலையில் உடன் நடக்க ஒரு துணையும் இல்லத்தார் அளிக்கத்தக்க மருந்துகள். ஊர்க்கொடைக்கும் திருமணத்திற்கும் முதலாண்டிலேயே வந்தாக வேண்டுமென வற்புறுத்தாதிருப்பதும் அன்பின் செயலே.

நம் அன்பர் இரண்டாம் முறை சிகிச்சை பெற்றுத் திரும்பியபோது, அவருடைய மனைவியார் கூறிய சொற்கள் இவை: "கடன் இருந்தால் இருக்கட்டும், நீங்கள் இருந்தால் போதும்." புதிதாகச் சேர்ந்திருந்த கடனுக்கு அம்மையாரே தவணை பேசி முடித்தார். அன்பர் ஒரு ஷிப்டு மட்டும் செய்தார். மாலைதோறும் கூட்டத்திற்குச் சென்றார். எட்டு மணிக்குப் பிள்ளைகளுடன் உண்டார். இம்முறை கடன் தீர மூன்று ஆண்டுகள் ஆயின. தீர்ந்த அன்றும் அவர் எட்டு மணிக்கு இல்லத்தில் இருந்தார்.

இத்துன்பம் நம் வாசகர் எவர் இல்லத்திலேனும் இருப்பின் நாணம் வேண்டா. 14446 என்னும் இந்திய அரசின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் வழிகாட்டும். முதலடியை இன்றே வைப்போம். அடுத்த அடிகளை நிதானமாக வைப்போம்.