ஜிப்ச மண்ணில் நீர்ப்பாசன வாய்க்கால்கள்: நனைதலும் உலர்தலும்

சிரியாவில் யூபிரத்தீஸ் நதிக்குக் குறுக்கே தப்கா அணை 1973இல் கட்டி முடிக்கப்பட்டது. அதன் நீரால் 640,000 ஹெக்டயர் நிலத்தைப் பாசனத்துக்குட்படுத்துவது அன்றைய நோக்கமாயிருந்தது. 1984இல் அரசு காட்டிய கணக்கோ ஏறத்தாழ 60,000 ஹெக்டயரே. இப்பின்னடைவுக்குக் காரணங்கள் பலவாயினும், வாய்க்கால்களின் அடிமண்ணிற் செறிந்திருந்த ஜிப்சம் அவற்றுள் முக்கியமானதொன்று. மண் கரைந்து அமிழ, வாய்க்கால்கள் பல இடங்களில் இடிந்தன. உலர்ந்தபோது உறுதியாகத் தோன்றும் மண் பின்னர் இவ்வாறு கைவிடுவது எதனால் என்பதை இங்கு நோக்குவோம்.

ஜிப்சம் என்பது பளிங்குநீர் கொண்ட கல்சியம் சல்பேற்று ஆகும். மழை குறைந்த நாடுகளில் இது மண்ணிலேயே தங்கி, மணிகளை ஒன்றோடொன்று பிணைக்கும் சாந்தாகத் தொழிற்படுகின்றது. ஒரு லீற்றர் தூய நீரில் ஏறத்தாழ 2.5 கிராம் ஜிப்சம் கரையும். கறியுப்போடு ஒப்பிட்டால் இது அற்பமே. சுண்ணக்கல்லோடு ஒப்பிட்டால் மிக அதிகம். நீரில் கறியுப்புக் கலந்திருப்பின் கரைதிறன் மேலும் உயரும்.

இவ்வளவு சிறிய அளவு எவ்வாறு வாய்க்காலைக் குலைக்கும் என வாசகர் வினவலாம். ஒரு கணக்கைச் செய்து பார்ப்போம். ஒரு கனமீற்றர் ஜிப்சத்தின் நிறை ஏறத்தாழ 2,300 கிலோகிராம். அதனைக் கரைக்க 920 கனமீற்றர் நீர் போதும். கொங்கிறீற்றுப் பூச்சின் வெடிப்பொன்றினூடாகச் செக்கனுக்கு ஒரு லீற்றர் நீர் கசிந்து, நிரம்பிய கரைசலாக வெளியேறுமெனின், பதினொரு நாளில் ஒரு கனமீற்றர் வெற்றிடம் உருவாகிவிடும். அடித்தளம் இழந்த பூச்சு வளைந்து உடையும், வெடிப்பு விரியும், கசிவு பெருகும்.

எனினும் நீர் தேங்கி நிற்பதனால் மாத்திரம் இச்சேதம் தொடராது. மண்ணிடை நீர் நிரம்பிய கரைசலாகிவிட்டால் கரைதல் நின்றுவிடும். இங்கேதான் உலர்தலின் பங்கு வெளிப்படுகின்றது. முறைப் பாசனத்தில் வாய்க்கால் மூடப்பட்டதும், கரையிலுள்ள கரைசல் மயிர்த்துளைக் கவர்ச்சியால் மேலேறி ஆவியாகின்றது. அது சுமந்து வந்த ஜிப்சம் மீண்டும் பளிங்காகின்றது. ஆனால் முன்பு மணிகளைப் பிணைத்திருந்த இடத்திலன்று, மேற்பரப்பை அண்டியே. மேலே வன்மையான ஓடு. கீழே சாந்திழந்த நொய்ந்த மண். வாய்க்காலைப் பார்வையிடச் செல்பவர் காண்பது அந்த ஓட்டை மட்டுமே. மறுமுறை திறக்கப்படும்போது வருவது நிரம்பாத புதுநீர். கரைதல் முதலிலிருந்து தொடங்குகின்றது. எனவே ஒவ்வொரு சுற்றும் முந்தியதன் சேதத்தின்மேல் அடுக்கப்படுகின்றது.

கொங்கிறீற்றும் தப்புவதில்லை. மண்ணீரிலுள்ள சல்பேற்று சீமெந்தின் அலுமினேற்றோடு தாக்கமுற்று, பருமன் மிக்க புதுச்சேர்வையை உண்டாக்க, பூச்சு உள்ளிருந்தே வெடிக்கின்றது. சல்பேற்றைத் தாங்கும் சீமெந்து இதற்கு மருந்தாகலாம். அடிமண் கரைவதற்கு அது மருந்தாகாது. இவ்விரு நோய்களையும் ஒன்றெனக் கொள்வது தவறு.

ஆய்வுகூடத்திலும் ஒரு பொறி உண்டு. மண்ணின் ஈரப்பதனை அறிய 105 பாகை செல்சியஸில் உலர்த்துவது வழக்கம். ஆனால் தூய ஜிப்சத்தின் நிறையில் ஏறத்தாழ 21 சதவீதம் பளிங்குநீரே. அவ்வெப்பநிலையில் அதன் பெரும்பகுதி வெளியேறுவதால், ஈரமற்ற மண்ணும் ஈரமானதாகக் கணிக்கப்படும். இத்தகைய மண்ணைத் தாழ்ந்த வெப்பநிலையில் நெடுநேரம் உலர்த்துதல் வேண்டும்.

பரிகாரம் பற்றிக் கூறின், தடித்த கொங்கிறீற்றை மட்டும் நம்புவது எமக்கு உடன்பாடன்று. வளையாத பூச்சு மண்ணின் சிறு அமிழ்வையும் பொறுக்காது. அதன் கீழே நீர்புகா நெகிழ்தாள் விரித்தல், மூட்டுகளை நெகிழ்பொருளால் அடைத்தல், கட்டுமுன் மண்ணை நனைத்து அமிழவிடல் என்பன பயன் தரும். ஜிப்சம் மிக்க பகுதிகளில் தூண்கள்மீது அமைந்த தொட்டி வாய்க்கால்களே ஏற்றவை. அவற்றின் மூட்டுகளும் ஒழுகலாகாது. வாய்க்காலை அடிக்கடி முற்றாக வற்றவிடாது சிறிதளவு நீரோட்டத்தையேனும் பேணுவது உலர்தற் சுற்றுகளைக் குறைக்கும். ஆயின் பூச்சில் வெடிப்பு இருக்குமாயின், அதே நீரோட்டம் கரைதலுக்கு இடைவிடாது புதுநீர் ஊட்டும். ஆதலால் வெடிப்புகளை அடைத்த பின்னரே இம்முறையைக் கைக்கொள்ளலாம்.