நம்ம சரக்கைச் சொல்ல நமக்கென்ன கூச்சம்?

"இவ்வளவு ருசியா இருக்கே, வாட்ஸ்அப்பில் போடுங்கக்கா" என்று பக்கத்து வீட்டுப் பெண் சொன்னதும் எனக்குக் காது மடல் சூடாகிவிட்டது. பருப்புப் பொடி அரைப்பது வேறு. 'என் பொடி நல்லா இருக்கும், வாங்குங்க' என்று ஊருக்குச் சொல்வது வேறு. தன் கைப்பக்குவத்தைத் தானே மெச்சினால் 'வாயாடி' என்று பேர் வாங்கும் வீட்டில் வளர்ந்தவள் நான்.

எங்களுக்கு விருதுநகர். வீட்டுக்காரர் சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் கணக்கு எழுதுகிறார். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சரவெடிக்கும் பேரியம் உப்புக்கும் தடை விதித்தது. அதற்குப் பிறகு அவருக்கு வேலை நாள் குறைந்தது, சம்பளமும் குறைந்தது. பெரியவளோ கல்லூரியில் சேர வேண்டிய வயது. தெருவில் நாலு வீட்டுக்குப் பொடி விற்றுக் கட்டணம் கட்ட முடியுமா, சொல்லுங்கள்!

ஒரு நாள் துணிந்து படம் எடுத்து ஸ்டேட்டஸில் போட்டேன். எப்படித் தெரியுமா? சொந்தக்காரர் ஒருவர் கண்ணிலும் படாதபடி அத்தனை பேரையும் ஒதுக்கிவிட்டு! அந்த வசதியைக் காட்டிக் கொடுத்தது மகள்தான். மிச்சம் இருந்தது பால்காரரும், பள்ளிக்கூடத்து அம்மாக்கள் சிலரும். ராத்திரி எத்தனை தடவை போனை எடுத்து 'யார் பார்த்தார்கள்' என்று பார்த்தேனோ! ஒருவரும் கேட்கவில்லை. 24 மணி நேரத்தில் தானாக மறைந்தபோது அப்பாடா என்றிருந்தது.

படம்தான் மறைந்தது. விஷயம் எப்படியோ சின்ன மாமியார் காதுக்குப் போய்விட்டது. "ஏம்மா, வீட்டுல ஏதும் கஷ்டமா? பொடி விக்கிற அளவுக்கா ஆயிப்போச்சு?" என்று போன். அன்று பூரா அழுதேன்.

என் மாமியார் தீப்பெட்டி ஒட்டிப் பிள்ளைகளை வளர்த்தவர். "ஏத்தா, சிவகாசியில கட்டுக்கட்டா லேபிள் அடிக்கிறாகளே, என்னத்துக்கு? பேரை மறைக்கவா?" என்றார்.

உண்மைதானே! அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922ல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். பெட்டியில் ஒட்ட லேபிள் வேண்டியிருந்தது. அதனால்தான் எங்கள் பக்கம் அச்சகங்களே பெருகின. காளீஸ்வரிப் பட்டாசுக்குச் சேவல் படம். எழுத்துத் தெரியாத குழந்தைகூட அடையாளம் சொல்லும். அதை யாராவது தற்பெருமை என்றார்களா?

மறுபடி போட்டேன், இந்தத் தடவை யாரையும் ஒதுக்காமல். 'சூப்பர்', 'அருமை' எதுவும் எழுதவில்லை. 'துவரம்பருப்பு, முண்டு வத்தல், பூண்டு, பெருங்காயம். கலர்ப்பொடி கிடையாது. நேற்று வறுத்தது. பன்னிரண்டு பாக்கெட் இருக்கிறது' என்று எழுதி விலையையும் போட்டேன். உள்ளதைச் சொல்வதில் என்ன கூச்சம்? சாயந்திரத்துக்குள் ஏழு பாக்கெட் போய்விட்டது.

பட்டுத் தெரிந்துகொண்டது சில உண்டு. வியாபாரத்துக்கென்று தனி நம்பர் வைத்துக்கொள்ளுங்கள். நேரங்கெட்ட நேரத்தில் 'ஹாய்' அனுப்பும் பேர்வழிகளுக்குப் பதில் போடாமல் பிளாக் செய்துவிடலாம். ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்த படம் பளிச்சென்று இருக்கும். தினமும் போட்டால் சலித்துவிடும். வாரம் இரண்டு தடவை போதும். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து 14 இலக்க எண்ணைப் பாக்கெட்டில் போட வேண்டும். முதலிலேயே செய்திருக்க வேண்டியது, எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது.

பட்டாசை ஆன்லைனில் விற்கவும் அதே 2018 தீர்ப்பில் தடை. "உன் பொடியைப் போனில் விற்கலாம், என் வெடியை விற்கக் கூடாது" என்று வீட்டுக்காரர் கேலி செய்வார்.

முகம் காட்டி வீடியோ போடச் சொல்கிறாள் மகள். அது இன்னும் வரவில்லை. வறுக்கிற கை மட்டும் தெரிகிற மாதிரி எடுக்கிறோம். சின்ன மாமியார் இப்போது மாதம் அரைக் கிலோ வாங்குகிறார். "சொந்தத்துக்குள்ள காசு கணக்கா?" என்று கேட்டுக்கொண்டேதான் நீட்டுவார். நானும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்கிறேன்.