தொண்டை வலிதானே என்று இராதீர்கள்!

தம்பானூர் ரயில் நிலையத்தில் பணியாற்றிய காலத்தில், நாகர்கோவில் வண்டியில் இறங்கி ஸ்ரீ சித்திரா மருத்துவமனைக்கு வழி கேட்ட தமிழர்கள் பலர். மகளுக்கு இதய வால்வு பழுது என்று வந்த ஒரு தாய், "சின்ன வயசுல அடிக்கடி தொண்டை வலிக்கும், சார். சாதாரணமா விட்டுட்டோம்" என்று கண் கலங்கினார்.

குற்றவாளி 'ஏ' பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி. இக்குடும்பத்துக் கிருமிகள் நுண்ணோக்கியில் ஒரே மாதிரி மணிமாலையாகத் தெரியும். 1933இல் நியூயார்க்கில் ரெபெக்கா லான்ஸ்ஃபீல்டு அம்மையார், முயல்களுக்குக் கிருமியைச் செலுத்தி, அவற்றின் இரத்தத்தில் உண்டான எதிர்ப்பொருளால் இவற்றை ஏ, பி, சி என்று பிரித்தார். கிருமிச் சாற்றுடன் உரிய எதிர்ப்பொருள் சேர்ந்தால் கலங்கும். இல்லையேல் தெளிவாகவே இருக்கும். இன்றைய துரிதத் தொண்டைப் பரிசோதனைக்கும் எதிர்ப்பொருளே ஆதாரம்.

ஆய்வுக்கூடத்தில் சரியாக ஆள் காட்டும் எதிர்ப்பொருள், சில பிள்ளைகளின் உடம்பில் ஆள் மாறி இதய வால்வையே தாக்கிவிடுகிறது. அதுதான் ருமாட்டிக் காய்ச்சல் தரும் கேடு.

1990இல் சித்திராவில் உருவான செயற்கை வால்வு முதன்முதலாக நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. நமக்குப் பெருமைதான். ஆனாலும் தண்டவாள விரிசலை முன்பே கண்டுபிடிப்பதல்லவா மேல்? பிள்ளைக்குக் காய்ச்சலுடன் தொண்டை வலித்தால் டாக்டரிடம் காட்டுங்கள். பெனிசிலின் எழுதிக் கொடுத்தால், வலி நின்றதும் மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.