மருந்தடிக்கும் ஆட்களின் பயிற்சியும் அதற்கான பதிவேடும்

கல்வராயன் மலையின் அடிவாரத்திலே, கோமுகி அணைக்கு அருகாமையில் அமைந்துள்ள வடக்கனந்தல் சுற்றுப்புறத்தில் நெல், கரும்பு, மக்காச்சோளம், மரவள்ளி முதலிய பயிர்கள் சாகுபடி செய்யப்பட்டு வருகின்றன. 2018-ஆம் ஆண்டில் படைப்புழு இந்நாட்டில் தோன்றியது முதல் மக்காச்சோளம் பயிரிடுவோர் பூச்சி மருந்தை முன்னிலும் அதிகமாக நாட வேண்டியதாயிற்று. மருந்தை விலை கொடுத்து வாங்குபவர் குடியானவர். ஆனால் அதைக் கலந்து, முதுகில் சுமந்து, பயிர்மேல் தெளிப்பவர் அநேகமாய் வேறொருவர். டேங்கு ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி பேசிக்கொண்டு, இன்று ஒருவர் கொல்லையிலும் நாளை மற்றொருவர் கொல்லையிலுமாக அவர் வேலை செய்கிறார். இவருக்கு இவ்வேலையை யார் கற்பித்தார், எப்போது கற்பித்தார், எதைக் கற்பித்தார் என்று வினவினால் விடை சொல்லத்தக்க காகிதம் யாரிடத்தும் இருப்பதில்லை.

பூச்சி மருந்துகளைப் பற்றிய சட்டம் இந்நாட்டில் ஏற்பட்டதற்கே ஒரு துயர சம்பவம் காரணமாயிருந்தது. 1958-ஆம் ஆண்டில் கேரளத்திற்குச் சென்ற கப்பலொன்றில் கோதுமை மாவு மூட்டைகளும் பாரத்தியான் என்னும் கொடிய பூச்சி மருந்தும் ஒரே இடத்தில் ஏற்றப்பட்டன. மருந்து கசிந்து மாவில் கலந்தது. அம்மாவை உண்டவர்களில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இதன்பேரில் நடந்த விசாரணைகளின் பயனாக 1968-ஆம் ஆண்டில் பூச்சிக்கொல்லிச் சட்டமும், 1971-ஆம் ஆண்டில் அதன் விதிகளும் பிறந்தன.

அவ்விதிகளில் 42-ஆவது விதி, மருந்து தயாரிப்போரும் விநியோகிப்போரும் தெளிப்புத் தொழில் நடத்துவோரும் தம் வேலையாட்களுக்கு ஜாக்கிரதை முறைகளிலும் காப்புச் சாதனங்களைக் கையாளுவதிலும் தக்க பயிற்சி அளிக்க ஏற்பாடு செய்யவேண்டும் என்று கூறுகிறது. 37-ஆவது விதியோ வேலையாட்களின் தேக நிலையைப் பற்றியது. வேலையில் அமர்த்துமுன் ஒரு முறையும், பின்னர் தயாரிப்பு நிலையங்களில் மூன்று மாதங்களுக்கு ஒரு முறையும், மற்ற இடங்களில் ஆண்டுக்கு ஒரு முறையும் வைத்தியப் பரிசோதனை நடைபெறவேண்டும். அதன் விவரங்கள் 12-ஆம் எண் படிவத்தில் எழுதப்படவேண்டும். ஆளின் பெயர், வயது, அங்க அடையாளம், வேலையில் சேர்ந்த தேதி, செய்யும் வேலையின் தன்மை, முன்பு எந்த மருந்தோடு எத்தனை காலம் பழகினார், முன்னர் விஷம் ஏறியதுண்டா என்பன போன்ற கலங்கள் அதில் உண்டு. பாஸ்பரஸ் சேர்ந்த மருந்துகளும் கார்பமேட் வகை மருந்துகளும் இரத்தத்திலுள்ள கோலினெஸ்டிரேஸ் என்னும் பொருளின் சக்தியைக் குன்றச் செய்வனவாகையால், இவற்றைத் தயாரிக்கும் நிலையங்களில் அதன் அளவை மாதந்தோறும் சோதிக்கவேண்டும் என்றும் விதி இருக்கிறது.

இங்கே கவனிக்கத்தக்க விஷயம் ஒன்றுண்டு. தேகப் பரிசோதனைக்குப் படிவம் விதித்த அவ்விதிகள், பயிற்சிக்கென்று தனிப் படிவம் எதையும் விதிக்கவில்லை. பயிற்சி அளி என்று சொல்லியதோடு நின்றுவிட்டன. அன்றியும், சட்டத்தின் 38-ஆவது பிரிவின்படி, தம் சாகுபடியிலுள்ள நிலத்தில் மருந்தை உபயோகிப்பவருக்கு இச்சட்டம் பொருந்தாது. சிறு குடியானவருக்குத் தொல்லை நேரக்கூடாதென்ற நல்லெண்ணத்தில் வைக்கப்பட்ட விலக்கே இது. எனினும், அக்குடியானவர் கூலிக்கு அமர்த்தும் மருந்தடிப்பவரும் இவ்விலக்கின் நிழலில் அகப்பட்டு, ஒரு பதிவேட்டிலும் பெயரில்லாதவராகிவிடுகிறார். ஆகாயத்தில் டிரோனைச் செலுத்தி மருந்து தெளிப்பவர் 2021-ஆம் ஆண்டு விதிகளின்படி சான்றிதழ் பெற்றிருக்கவேண்டும். அதே மருந்தைத் தோளில் சுமந்து, அதன் துளிகளின் நடுவே நடப்பவரிடம் எச்சான்றும் கேட்பாரில்லை. இது விசித்திரமே.

இக்குறையின் விளைவு 2017-ஆம் ஆண்டில் மகாராஷ்டிரத்தின் யவத்மால் ஜில்லாவில் வெளிப்பட்டது. பருத்திக்கு மருந்தடித்தவர்களில் நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். இருபது பேர் வரையில் உயிரிழந்தனர். ஆளுயரம் வளர்ந்த செடிகளின் நடுவே, முகக்கவசமும் கையுறையுமின்றி, இரண்டு மூன்று மருந்துகளை ஒன்றாய்க் கலந்து அடித்தவர்கள் அவர்களில் பலர்.

அமெரிக்காவில் அபாயகரமான சரக்குகளைக் கையாளுவோரைப் பற்றிய விதி இவ்விஷயத்தில் தெளிவானது. ஆளின் பெயர், கடைசியாகப் பயிற்சி முடித்த தேதி, கற்பித்த பாடத்தின் விவரம், கற்பித்தவரின் பெயரும் விலாசமும், ஆள் பயின்று சோதிக்கப்பட்டார் என்னும் உறுதிமொழி ஆகிய ஐந்தும் பதிவேட்டில் இருக்கவேண்டும். மூன்றாண்டுகளுக்கு ஒரு முறை பயிற்சியைப் புதுப்பிக்கவேண்டும். ஆள் வேலையை விட்டு விலகிய பின்னும் 90 நாள் வரை பதிவை வைத்திருக்கவேண்டும். அந்நாட்டு வயல்களில் பூச்சி மருந்தோடு பழகும் கூலியாட்களுக்கோ ஆண்டுதோறும் பயிற்சி. அதன் பதிவை இரண்டாண்டு காக்கவேண்டும். அதில் ஆளின் கையொப்பமும் வேண்டும்.

வடக்கனந்தல் போன்ற ஊரில் இவ்வளவும் நடைபெறுமா என்ற ஐயம் எழலாம். நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்று இதற்குப் போதும். உழவர் உற்பத்தியாளர் குழுவோ, தெளிப்பான்களை வாடகைக்கு விடுபவரோ, பல ஆட்களை அழைத்துச் செல்லும் மேஸ்திரியோ அதை வைத்துக்கொள்ளலாம். ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கவேண்டும். "பயிற்சி பெற்றார்" என்று ஒரே சொல்லாக எழுதுவதில் யாதொரு பயனுமில்லை. கற்பித்தது இன்னதென்று எழுதவேண்டும். மருந்துப் புட்டியிலுள்ள முக்கோணத்தின் நிறம் எதைக் குறிக்கிறது என்பது முதற்பாடம். சிவப்பு மிகக் கொடியது. அதன்பின் மஞ்சள், நீலம், பச்சை என விஷம் படிப்படியாய்க் குறையும். காற்று வீசும் திசைக்கு எதிர்முகமாய் நின்று தெளிக்கலாகாது. அடைபட்ட நாசிலை வாயால் ஊதலாகாது. கையால் மருந்தைக் கலக்கலாகாது. வேலை முடிந்ததும் குளித்து, உடுத்திய துணியைத் தனியே துவைக்கவேண்டும். இவற்றை வாயால் சொல்லக் கேட்டால் மட்டும் போதாது. வெறுந்தண்ணீர் நிரப்பிய டேங்கைக் கொடுத்துச் செய்துகாட்டச் சொல்லவேண்டும். எதைச் சரியாகச் செய்தார், எதில் தவறினார் என்பதையும் மறைக்காமல் எழுதுவது நலம். தவறிய இடந்தான் அடுத்த பருவத்தில் மறுபடி கற்பிக்கவேண்டிய இடம்.

படிக்கத் தெரியாதவருக்குப் பதிவை உரக்கப் படித்துக்காட்டி, அதன்பின் கைநாட்டு வாங்கவேண்டும். படித்துக்காட்டாமல் வாங்கிய கைநாட்டு எஜமானரைக் காக்குமேயன்றி ஆளைக் காக்காது. மலையிலிருந்து கூலிக்கு இறங்கி வருபவர்கள் ஒரே இடத்தில் தங்குவதில்லையாகையால், பக்கத்தின் நகல் ஒன்றை அவர்கள் கையிலும் கொடுத்தனுப்பவேண்டும். மருந்து மாறினால், புது மருந்தின் பெயரும் அதைப்பற்றிச் சொன்ன தேதியும் புது வரியாகச் சேரவேண்டும்.

அதே பக்கத்தின் பின்புறத்தில் அன்றன்று அடித்த மருந்தின் பெயர், அளவு, துவங்கிய நேரம், முடித்த நேரம் ஆகியவற்றை எழுதி வருவது மிகவும் விசேஷம். வாந்தி, தலைச்சுற்றல், கண்மணி சுருங்குதல், எச்சில் வடிதல் முதலிய குறிகளோடு ஆளொருவரைக் கள்ளக்குறிச்சி மருத்துவமனைக்குக் கொண்டு செல்லும்போது வைத்தியர் முதலில் கேட்பது மருந்தின் பெயரைத்தான். பாஸ்பரஸ் வகை விஷத்திற்கு அட்ரோபின் கொடுப்பதுண்டு. எல்லா மருந்துக்கும் அதுவே மாற்று மருந்தன்று. ஆகையால் நோட்டுப் புத்தகத்தை மருந்து அறையில் பூட்டி வைக்காமல், வீட்டில் எவரும் உடனே எடுக்கக்கூடிய இடத்தில் வைக்கவேண்டும். ஆளை ஏற்றிச் செல்லும் வண்டியில் புட்டியோடு அதுவும் போகவேண்டும்.