கோடுகள் வளைந்து தெரிகின்றனவா? விழித்திரை நோய்களை அறிவோம்

நவம்பர் மாதம் பிறந்துவிட்டால் எங்கள் கிளைகளில் ஓய்வூதியர்களின் வருகை மிகும். உயிர்வாழ் சான்று அளிக்கும் மாதம் அது. சில ஆண்டுகளுக்கு முன் அத்தகைய ஒரு நாளில் மூத்த வாடிக்கையாளர் ஒருவர், தம் கணக்குப் புத்தகத்தில் வரிகள் கோணலாக அச்சாகியிருப்பதாக முறையிட்டார். வாங்கிப் பார்த்தோம், வரிகள் நேராகவே இருந்தன. ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்குமாறு வேண்டினோம். வலக்கண்ணுக்கு நேராகத் தெரிந்த வரி, இடக்கண்ணுக்கு அலைபோல் நெளிந்தது. கண்ணாடியின் பவர் மாறியிருக்கும் என்றெண்ணி அவர் ஐந்து மாதங்கள் காலம் தாழ்த்தியிருந்தார். சிகிச்சையால் குறைபாடு மேலும் முற்றாமல் நின்றது. இழந்த பார்வையோ முழுமையாகத் திரும்பவில்லை. அந்நிகழ்ச்சிக்குப் பின் நாங்கள் கேட்டும் படித்தும் அறிந்தவற்றை வாடிக்கையாளர்களுடன் பகிர்ந்துகொள்கிறோம்.

விழித்திரையின் பணி

கண்ணின் பின்புறத்தில் உட்சுவராக அமைந்த மெல்லிய நரம்புப் படலமே விழித்திரை. கண்ணுக்குள் புகும் ஒளியை அது நரம்புச் சைகைகளாக மாற்றி மூளைக்கு அனுப்புகிறது. அதன் நடுவிலுள்ள 'மாகுலா' என்னும் சிறு பகுதியைக் கொண்டே நாம் எழுத்துகளைப் படிக்கிறோம். முகங்களை அடையாளம் காண்கிறோம். கண்புரை என்பது கண்ணின் முன்பகுதியிலுள்ள லென்ஸ் மங்குவது. லென்ஸை மாற்றினால் பார்வை தெளியும். விழித்திரையை அவ்வாறு மாற்ற இயலாது. அதற்கு வலி உணர்வும் இல்லை. ஆதலால் நோய் ஓசையின்றி வளர்கிறது.

நீரிழிவும் விழித்திரையும்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடைபெற்று 2023-இல் வெளியான ஆய்வு, நம் நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு உள்ளதாக மதிப்பிட்டது. இரத்தத்தில் சர்க்கரை நெடுங்காலம் மிகுந்திருந்தால் விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் நலிந்து கசிகின்றன, சில அடைபடுகின்றன. அடைபட்ட இடங்களுக்கு ஈடாகப் புதிய குழாய்கள் முளைக்கின்றன. அவை வலுவற்றவை, எளிதில் உடைந்து கண்ணுக்குள் இரத்தம் கசியச் செய்பவை. தொடக்க நிலையில் பார்வை தெளிவாகவே இருக்கும் என்பதே இந்நோயின் பெரும் அபாயம்.

ஆகவே, பெரியவர்களுக்குப் பொதுவாக வரும் இரண்டாம் வகை நீரிழிவு கண்டறியப்பட்டவுடன் ஒரு முறையும், அதன்பின் ஆண்டுதோறும் அல்லது மருத்துவர் குறிக்கும் இடைவெளியிலும், கண்ணில் சொட்டு மருந்திட்டு விழித்திரையைச் சோதித்தல் வேண்டும். கண்ணாடிக் கடையில் செய்யப்படும் பவர் சோதனை இதற்கு ஈடாகாது. சொட்டு மருந்திட்ட பின் சில மணி நேரம் பார்வை மங்கும். எனவே துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்வதும், அன்று வாகனம் ஓட்டாதிருப்பதும் நலம்.

பிற விழித்திரை நோய்கள்

முதுமை சார்ந்த மாகுலா சிதைவு பெரும்பாலும் 50 வயதைக் கடந்தோருக்கு வருவது. இதில் உலர் வகை மெல்ல முற்றும். ஈர வகை விரைவில் நடுப்பார்வையைப் பறிக்கும். நேர்க்கோடுகள் நெளிந்து தெரிவது ஈர வகையின் முக்கிய அறிகுறி. புகைப்பழக்கம் இந்நோய்க்கான வாய்ப்பை மிகுவிக்கிறது.

விழித்திரை விலகல் என்பது அவசர நிலை. திடீரென மின்னல் போன்ற ஒளிக்கீற்றுகள், கரும்புள்ளிகளின் பெருக்கம், பார்வையின் ஒருபுறம் திரை விழுந்தாற்போன்ற நிழல் ஆகியவை தோன்றினால் அன்றே மருத்துவரை அடைதல் வேண்டும். மிகுதியான கிட்டப்பார்வை உள்ளோரும், கண்ணில் அடிபட்டோரும், கண்புரை அறுவை செய்துகொண்டோரும் கூடுதல் கவனத்துடன் இருத்தல் நன்று.

இரத்த அழுத்தம் மிகுந்தோருக்கு விழித்திரையின் சிரைகள் அடைபடக்கூடும். ஒரு கண்ணின் பார்வை வலியின்றித் திடீரென மங்குவது இதன் அடையாளம்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கும் ஆபத்து உண்டு. 34 வாரங்களுக்கு முன் பிறந்த அல்லது 2 கிலோவுக்குக் குறைந்த எடையுள்ள குழந்தைக்கு, பிறந்த 30 நாட்களுக்குள் விழித்திரைச் சோதனை செய்தல் வேண்டும்.

சிகிச்சை முறைகள்

சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றைக் கட்டுக்குள் வைப்பதே முதல் மருந்து. விழித்திரையில் ஓட்டை விழுந்த நிலையிலேயே கண்டறிந்தால், லேசர் கதிரால் அதனைச் சுற்றி அடைக்கலாம். புதிய குழாய்களின் வளர்ச்சியை ஒடுக்கவும் லேசர் பயன்படுகிறது. ஈர வகைச் சிதைவுக்கும் மாகுலா வீக்கத்திற்கும், கண்ணை மரக்கச் செய்து உள்ளே மருந்து செலுத்தும் ஊசி இன்று முதன்மைச் சிகிச்சையாக விளங்குகிறது. ஒரே ஊசியுடன் இது முடிவதில்லை. மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் தொடரும். சற்றே தெளிந்ததும் நிறுத்திவிட்டால் நோய் மீளக்கூடும். விழித்திரை விலகலுக்கும் உள்ளே தங்கிய இரத்தத்திற்கும் அறுவை சிகிச்சை உண்டு. அப்போது கண்ணுக்குள் வாயு நிரப்பப்பட்டிருந்தால், அது கரையும்வரை விமானப் பயணம் கூடாது.

செலவுக்கான திட்டமிடல்

தொடர் ஊசிகள் குடும்ப வரவுசெலவைப் பாதிக்கக்கூடியவை. காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம் 2019-இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, கண்ணுக்குள் செலுத்தும் ஊசி காப்பீட்டிலிருந்து விலக்கப்படலாகாத நவீன சிகிச்சைகளுள் ஒன்று. ஆயினும் அதற்கு உச்சவரம்பு விதிக்கப்படலாம். தங்கள் பாலிசியில் அவ்வரம்பு எவ்வளவு என்று இப்போதே பார்த்துக்கொள்வது நலம். நீரிழிவு இருப்பின் விண்ணப்பத்தில் மறைக்காது குறிப்பிடுக. மறைத்த காரணத்தாலேயே பின்னர் கோரிக்கை நிராகரிக்கப்படலாம்.

பார்வை குறைந்தோரும் காசோலைப் புத்தகம், ஏ.டி.எம். அட்டை உள்ளிட்ட எல்லாச் சேவைகளையும் பெற உரிமையுடையவர்கள் என ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியுள்ளது. 70 வயதைக் கடந்தோருக்கும் பார்வைக் குறைபாடு உடையோருக்கும் இல்லம் தேடி வரும் சேவையும் உண்டு. கூச்சமின்றிக் கிளையில் கேளுங்கள்.

உயிர்வாழ் சான்று அளிக்கும் நவம்பரில்தான், 14-ஆம் நாள், உலக நீரிழிவு நாளும் வருகிறது. கிளைக்கு வரும் அன்று கணக்குப் புத்தகத்தைத் திறந்து, படிக்கும் கண்ணாடியை அணிந்து, ஒவ்வொரு கண்ணாக மூடி வரிகளை நோக்குங்கள். வளைந்தோ மறைந்தோ தெரிந்தால் தாமதியாது விழித்திரை மருத்துவரை நாடுங்கள். நேராகத் தெரிந்தாலும், வைப்புநிதி முதிர்வு நாளைக் குறித்து வைக்கும் நாட்குறிப்பிலேயே அடுத்த கண் பரிசோதனை நாளையும் குறித்துக்கொள்ளுங்கள்.