துடிக்கும் கலங்களை இனங்காணல்

மட்டக்களப்பு வாவியின் பாடும் மீன்களைப் பற்றிக் கேள்விப்படாதார் இலங்கையில் மிகச் சிலரே. நிலவு காயும் அமைதியான இரவில் கல்லடிப் பாலத்தின் அருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரில் ஆழ்த்தி, மறுமுனையிற் காதை வைத்தால் அவ்வோசை கேட்கும் என்பர். 1848ஆம் ஆண்டில் அதனைக் கேட்ட எமர்சன் தெனன்ற், அது நீண்டதோர் ஒலியன்று, தனித்தனியான மெல்லொலிகள் பலவற்றின் கூட்டம் என்று எழுதினார். ஒலி உண்டு, அதனை எழுப்புவது மீனா, ஊரியா என்பதே கேள்வி.

இதனையொத்த கேள்வியொன்று மருத்துவ ஆய்வுகூடங்களிலும் எழுந்துள்ளது. உடலின் எவ்வகைக் கலமாகவும் மாறவல்ல மனித மூலக் கலங்களை 1998ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் தொம்சன் பிரித்தெடுத்து வளர்த்தார். 2007ஆம் ஆண்டில் யப்பானிய அறிஞர் சின்யா யமனாக்கா, வளர்ந்த மனிதரின் தோற்கலங்களையே அந்நிலைக்குத் திருப்பிக் காட்டினார். 2012ஆம் ஆண்டில் நோபெல் பரிசும் பெற்றார். இக்கலங்களுக்குத் தக்க பொருள்களை முறைப்படி ஊட்டினால், இரண்டு கிழமைக்குள் அவை கிண்ணத்திலேயே துடிக்கத் தொடங்குகின்றன. ஆனால் துடிப்பவை யாவும் ஒரே இனத்தவை அல்ல.

இதயத்திலே தொழிற்பிரிவு உண்டு. கணுக்கலங்கள் துடிப்புக்குத் தாளம் வகுக்கின்றன. சோணையறைக் கலங்கள் வந்து சேரும் குருதியைக் கீழே தள்ளுகின்றன. இதயவறைக் கலங்கள் அக்குருதியை நுரையீரலுக்கும் உடலெங்கும் செலுத்துகின்றன. கிண்ணத்திலோ இம்மூவகையும் கலந்தே வளர்கின்றன.

இவற்றைப் பிரித்தறிய முதல்வழி மின்சாரமாகும். மயிரினும் நுண்ணிய கண்ணாடிக் குழாயினாற் கலத்தின் மின்னழுத்தத்தை அளந்தால், ஒவ்வோர் இனமும் தன் கோட்டினைத் தானே வரைந்து காட்டும். இதயவறைக் கலத்தின் கோடு விரைந்து எழுந்து, மேட்டுநிலம்போற் சிறிது நேரம் நின்று, பின்னரே இறங்கும். சோணையறைக் கலத்தின் கோடு எழுந்தவுடன் முக்கோணமாகச் சரியும். கணுக்கலமோ ஓய்வதில்லை; ஒரு துடிப்பு முடிந்ததும் அடுத்ததை நோக்கி மெல்ல மெல்ல ஏறும். 2003ஆம் ஆண்டில் விஸ்கொன்சின் பல்கலைக்கழக அறிஞர் மூலக் கலங்களிலிருந்து தோன்றிய இதயக்கலங்களில் இம்மூன்று வடிவங்களையும் கண்டு வெளியிட்டனர்.

இரண்டாவது வழி, ஒவ்வோர் இனத்துக்கும் உரிய புரதங்களை ஒளிரும் சாயத்தாற் காண்பது. எனினும் இரு வழிகளிலும் ஒரு தடையுண்டு. கிண்ணத்தில் வளர்ந்தவை முதிராக் கலங்கள். கருவிலுள்ள குழந்தையின் இதயக் கலங்களை ஒத்தவை. முதிர்ந்த இதயவறைக் கலம் வழக்கமாகத் தானாகத் துடிப்பதில்லை, இளங்கலமோ துடிக்கும். சோணையறைக்குரிய புரதமும் இதயவறைக்குரிய புரதமும் ஒரே இளங்கலத்தில் இருப்பதுமுண்டு. ஆகவே ஓர் அடையாளத்தை மட்டும் நம்பாமல், பலவற்றை ஒப்புநோக்கியே முடிவு கூறல் வேண்டும்.

இத்துணை நுணுக்கம் எதற்கு எனின், பிழையின் விலை பெரிது. சில மருந்துகள் இதயவறையின் மின்னோட்டத்தை நீட்டி, உயிராபத்தான தாளப்பிழையை விளைக்கும். அத்தகைய மருந்தைச் சோணையறைக் கலங்களில் மட்டும் சோதித்தால் ஆபத்து மறைந்துவிடக் கூடும். 2014ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், மனித மூலக் கலங்களிலிருந்து பெற்ற இதயக் கலங்களைக் குரங்குகளின் சேதமுற்ற இதயத்திற் பதித்தபோது, அவை பொருந்தி வளர்ந்தன. ஆயினும் தாளப்பிழைகளும் தோன்றின.

தெற்காசிய மக்களுக்கு இதிலே தனிப்பட்ட அக்கறையும் உண்டு. இதயத் தசைப் புரதமொன்றை ஆக்கும் பரம்பரையலகில் 25 எழுத்துகள் விடுபட்ட குறை, இந்தியத் துணைக்கண்ட வழிவந்தோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 4 பேரிடம் உள்ளதெனப் பெருந்துறை தண்டபாணி, குமாரசாமி தங்கராஜ் முதலிய அறிஞர் 2009ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இக்குறை இதயத்தசை நோய்க்கு வழிவகுக்கலாம். பலரிடம் அந்நோய் நடுவயதுக்குப் பின்னரே வெளிப்படுகிறது. அதனைச் சுமப்பவரின் நெஞ்சைத் திறவாமலே, சிறிதளவு குருதியிலிருந்து மூலக் கலங்களையும், அவற்றிலிருந்து இதயவறைக் கலங்களையும் வளர்த்து நோயின் போக்கை ஆராயலாம். ஆராயப்படும் கலம் எந்த அறைக்குரியது என்று உறுதியாக அறிந்த பின்னரே, அதிற் கண்டது நோயாளிக்குப் பயன்படும்.